அடுப்படியில் எல்லை

வீட்டுக்காரர் சங்கக் கூட்டத்தில் காளியாயி வாய் திறந்தது ஒரே ஒரு தடவை. அந்த ஒரு தடவையும் பேசாமல் இருந்திருக்கலாம் என்று இப்போது நினைத்தாள்.

நோட்டன் பிரிட்ஜ் ஊருக்கு மேலே, ஒரே கூரையின் கீழ் வரிசையாக இருந்த தோட்டத்து லயங்களை விட்டு வந்தவர்களுக்காகக் கட்டிய தனி வீடுகளில் அவளுடையது கடைசி. அதற்கப்பால் தேயிலை. இந்த வருடம் அந்தத் தேயிலையைப் பிடுங்கிவிட்டு, இன்னும் ஆறு வீடுகளுக்கு அத்திவாரம் போட்டார்கள். அன்றிலிருந்து, முதலில் வந்தவர்களின் சங்கத்துக்கும் புதிதாக வருகிறவர்களுக்கும் ஓயாத தகராறு. பொதுப் பாதையில் மணலைக் கொட்டுகிறார்கள், ஆட்டோவைக் குறுக்கே நிறுத்துகிறார்கள், தண்ணீர்க் குழாயில் கை வைக்கிறார்கள் என்று ஆளாளுக்குக் கத்திக்கொண்டிருந்தபோது, சங்கத் தலைவன் பிரதாப் அவள் பக்கம் திரும்பினான்.

"பெரியம்மா, ஒங்களுக்கு ஒண்ணும் இல்லையா?"

எல்லோரும் பார்த்தார்கள். எதையாவது சொல்லியாக வேண்டும்.

"கிட்டக்க வருது," என்றாள்.

பொய்யில்லை. லயத்தில் அந்தப் பக்கத்துக் காம்பராவில் ஒருவர் இருமினால் இந்தப் பக்கத்தில் தூக்கம் கலைந்துவிடும். அங்கேயே பிறந்து, அங்கேயே வாழ்க்கைப்பட்டு, புருஷனை அங்கேயே பறிகொடுத்தவள் அவள். நாலு பக்கமும் காற்று போகிற ஒரு வீட்டில் யாரோடும் பேசாமல் உட்கார்ந்திருப்பது அவளுக்கு அலுக்கவே இல்லை. பக்கத்தில் இன்னொரு சுவர் எழும்புவதைப் பார்க்கப் பார்க்க, மீண்டும் அந்த இருமல் கேட்கப்போகிறது என்று மனம் அடித்துக்கொண்டது. அவ்வளவுதான் அவள் சொல்ல நினைத்தது.

ஹட்டனில் போன் கடை வைத்திருக்கும் பிரதாப்புக்கு அந்த ஒரு சொல் போதுமானதாக இருந்தது. தனியாக இருக்கிற பெண்ணின் காணிக்குள் புகுந்துவிட்டார்கள் என்று முறைப்பாடு கொடுத்து, நில அளவையாளரையே வரவழைத்துவிட்டான்.

செய்தி கேட்டதும் காளியாயி குசினிக்குள் வந்து உட்கார்ந்தாள். அது வீட்டோடு கொடுத்த குசினி இல்லை. கொழும்பில் வேலை செய்யும் மகன் அழகன், தீபாவளிக்கு வந்தபோது வெளியே எழுப்பிக் கொடுத்த விறகடுப்புக் குசினி. பனிக்காலத்தில் அவள் படுப்பதும் அங்கேதான். கதவைச் சாத்திவிட்டு நெருப்பைப் பார்த்தபடி இருந்தால் பொழுது போவதே தெரியாது. இது என் காணியில்தான் நிற்கிறதா? அந்தக் கேள்வி அப்போதுதான் முதல் தடவையாக வந்தது.

காணி பிரித்தபோது எல்லைக்கு முளை அடித்திருந்தார்கள். அடுத்து வந்த மழை முளையைக் கொண்டுபோனது. வீட்டோரத் தேயிலைச் செடிகள்தான் மிஞ்சின. காலமெல்லாம் கொழுந்து பறித்தவள் அவள். செடி வரிசைகளுக்கு நடுவே ஒரு நிரையில் இறங்கியவளுக்கு, வலக்கைப் பக்கச் செடியும் இடக்கைப் பக்கச் செடியும் கை எட்டுகிற மட்டும் சொந்தம். வேலி போட்ட அன்று கை அந்தக் கணக்கில்தான் போயிற்று. முதல் வரிசை, நடக்கிற இடைவெளி, அடுத்த வரிசை எல்லாவற்றையும் சேர்த்து வளைத்துப் போட்டாள். பறிக்கிறவள் அப்படித்தான் போடுவாள். அளக்கிறவர் அப்படி அளப்பாரா?

அளவையாளர் வந்த காலையில் மழை விட்டிருந்தது. பக்கத்து வீட்டைக் கட்டும் கஜேந்திரன் தன் அத்திவாரத்தின் மேல் கைகட்டி நின்றான். அவன் மனைவி தனுஜா பிள்ளைத்தாய்ச்சி. செங்கல் அடுக்கின்மேல் உட்கார்ந்திருந்தாள்.

"ஒரு அடி உள்ள வந்திருந்தாலும் இடிக்கத்தான் வேணும்," என்றான் பிரதாப். "சட்டம் எல்லாருக்கும் ஒண்ணுதான்."

அளவையாளர் வரைபடத்தைப் பார்த்தார், கருவியைப் பார்த்தார், நடந்தார். கஜேந்திரனின் அத்திவாரத்தைத் தாண்டினார். வேலியைத் தாண்டினார். தலையைக் குனிந்து காளியாயியின் குசினிக்குள் போனார்.

"மெதன," என்று உள்ளேயிருந்து சிங்களத்தில் குரல் வந்தது. இங்கேதான். பிறகு சுத்தியல் சத்தம்.

எட்டிப் பார்த்தார்கள். சிவப்பு மை பூசிய முளை அடுப்புக்குப் பக்கத்தில், மண்தரையில் நின்றது.

மேல் வீட்டு மீனம்மாதான் முதலில் வாயைத் திறந்தாள்.

"அடியே காளியாயி, அப்ப நீ சோறாக்குனது அவுங்க காணியில, தின்னது மட்டுந்தான் ஒங் காணியிலயா?"

சிரிப்பு வெடித்தது. கஜேந்திரன் மட்டும் சிரிக்காமல் பிரதாப்பிடம் வந்தான்.

"தலைவரே, ஒரு அடின்னாலும் இடிக்கணும்னீங்க. இதுல எத்தன அடி இருக்குன்னு நீங்களே சொல்லுங்க."

பிரதாப் போனை எடுத்துப் பார்த்தான். அதில் ஒன்றுமில்லை.

"இடிச்சுருங்க தம்பி," என்றாள் காளியாயி. நெஞ்சுக்குள் கிடந்த கல் வெளியே விழுந்துவிட்டது. ஆனால் அது அவள் காலிலேயே விழுந்திருந்தது. "முளையக் காணோம். நெரையில நிக்கிற மாதிரி நெனச்சு வேலியப் போட்டுட்டேன்."

தனுஜா செங்கல்லை விட்டு எழுந்து வந்தாள். வேலியைப் பார்த்தாள், பிடுங்கிய செடிகளின் குழிகளைப் பார்த்தாள்.

"ரெண்டு பக்கமும் கை எட்டுறாப்புல போட்டுருக்காங்க," என்று கணவனிடம் சொன்னாள். "நானா இருந்தாலும் அப்படித்தாங்க போட்டிருப்பேன்."

"அதுக்காக காணிய விட்டுற முடியுமா?"

"யாரு விடச் சொன்னா? பெரியம்மா, ஒங்க வீட்டுக்கு முன்னால, பாதையோரத்து மூல சும்மாதான கெடக்கு? இதே அளவுக்கு அத எங்களுக்குத் தாங்க. ஆட்டோ நேரா உள்ள ஏறிரும். குசினி நின்ன எடத்துல நிக்கட்டும்."

காளியாயி திரும்பிப் பார்த்தாள். அந்த மூலையில் ஒரு பூசணிக்கொடி படர்ந்திருந்தது. காய்த்ததே இல்லை.

"எடுத்துக்கம்மா," என்றாள்.

கஜேந்திரன் மூலையைக் காலால் அளந்து பார்த்தான். முகம் மெல்ல இளகியது. பிரதாப் அவசரமாக அளவையாளரிடம் சிங்களத்தில் கேட்டான். காணி உறுதிப் பத்திரம் இன்னும் வரவில்லை, இருவரும் கையெழுத்து வைத்தால் வரைபடத்தைத் திருத்தலாம் என்றார் அவர். பிறகு காளியாயியைப் பார்த்து, தெரிந்த தமிழில், "அம்மா, அடுப்பு தப்பிச்சது," என்றார்.

"தலைவருக்குத்தான் கஷ்டம்," என்றாள் மீனம்மா. "இனி ஆட்டோ பாதையில நிக்கிதுன்னு கூட்டம் போட ஏலாது."

"வேற ஒண்ணு கெடைக்காமலா போயிரும்?" என்றான் பிரதாப். இந்த முறை அவனும் சிரித்துவிட்டான்.

மாலையில் எல்லோரும் போனபின் காளியாயி குசினிக் கதவைச் சாத்திக்கொண்டாள். வெளியே கஜேந்திரன் மூலையைச் சமப்படுத்தும் மண்வெட்டிச் சத்தம். இடையிடையே இருமினான். கேட்கத்தான் செய்தது. ஆனால் காற்றில் கரைந்து, யாரோ தூரத்தில் போகிறவனுடைய இருமல்போலக் கேட்டது.

அடுப்பருகே அந்த முளை இன்னும் நின்றது. ஆட்டி ஆட்டிப் பிடுங்கினாள். குழியை ஈரமண்ணால் மூடி உள்ளங்கையால் அழுத்தினாள். முளையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையில் வைத்திருந்தாள். பிறகு அடுப்புக்குள் தள்ளினாள். சிவப்பு மை பொரிந்து புகைந்தது. மரம் மெல்லப் பற்றிக்கொண்டது.

மேலே தேத்தண்ணிக்குக் கேத்தலை வைத்தாள். கொஞ்சம் யோசித்து, இன்னும் இரண்டு பேருக்குத் தண்ணீர் ஊற்றினாள்.