யோகாம்பாள் கட்டிய பில்

வரதராசாவின் விரல் கணினிப் பொத்தானுக்கு மேலே நின்றது. வங்கிப் பக்கம் திறந்திருந்தது. மூவாயிரம் நொர்வீஜியக் குரோனர் என்று அடித்தாகிவிட்டது. இனி அழுத்த வேண்டியதுதான்.

"அமத்தாதேங்கோ!"

குசினியிலிருந்து கரண்டியோடு ஓடி வந்தாள் மனைவி உதயகுமாரி.

"ஏனப்பா பதறுறாய்? பதினாலு நாள் தவணை. இண்டைக்குப் பதின்மூண்டு. எறிஞ்சுபோட்டு இருப்பம். எங்கடை சனம் அறிஞ்சால் இந்தப் புருசெத் பக்கத்திலை தலை நிமித்தி நடக்கேலுமே?"

"நான் களவெடுக்கேல்லை."

"எனக்குத் தெரியும். அவங்களுக்குத் தெரியாதே! கட்டாட்டிப் பொலிசுக்குப் போறாங்களாம்."

மேசையில் கிடந்த கடிதத்தை அவள் எடுத்தாள். மூவாயிரம் குரோனர் நட்டஈடு கேட்டுக் கடையின் வழக்கறிஞர் அனுப்பியது. மூன்றாம் பந்தியைப் பதின்மூன்று நாளாக அவள் மனப்பாடமாகவே வைத்திருந்தாள்: பொருளுக்குப் பணம் கட்டவில்லை என்று தாங்களே ஒப்புக்கொண்டு கையெழுத்திட்டுள்ளீர்கள்.

"கடைசி வரியைப் பாத்தனீங்களே? கட்டினாலும் பொலிசிலை முறையிடுற உரிமை கடைக்கு இருக்காம். காசையும் வாங்கிக்கொண்டு அவங்கள் போகலாம். பிறகு என்ரை வேலை?"

வரதராசாவின் விரல் மெல்லக் கீழே இறங்கியது.

உதயகுமாரிக்கு ஆறு வருடம் சிறுவர் பூங்காவில், சின்னப் பிள்ளைகளைப் பராமரிக்கும் தற்காலிக வேலை. தை மாதத்திலிருந்து நிரந்தரம் என்று சொல்லிவிட்டார்கள். ஒரே ஒரு தாள்தான் பாக்கி, பொலிஸ் நற்சான்று. பிள்ளைகளோடு வேலை செய்பவளின் பெயரில் களவு வழக்கு விழுந்தால் அந்த வேலையை மறந்துவிட வேண்டியதுதான்.

"அப்ப என்னத்துக்கு அந்தத் தாளிலை கையெழுத்து வைச்சனீ?"

"காசு கட்டினனீயோ எண்டு கடைக் காவலாளி கேட்டான். இல்லையெண்டு சொன்னன். நான் கட்டேல்லைத்தானே!"

"என்ன?" வரதராசா கதிரையை விட்டே எழுந்துவிட்டார்.

பதின்மூன்று நாளாக விழுங்கி வைத்திருந்ததை உதயகுமாரி அப்போதுதான் வெளியே விட்டாள். மகனுக்குக் குளிர்கால மேலங்கி எடுக்கப் போன இடத்தில் யோகாம்பாளைக் கண்டாள். பின் அடுக்குமாடிப் புளொக்கில் இருப்பவள், அக்கா முறையாகப் பழகுபவள். காசாளர் முன்னால் இருவரும் வழக்கமான மல்லுக்கட்டில் இறங்கினார்கள். நான் கட்டுறன், நீ விடு, போன முறை நீங்கள், இந்த முறை நான். கடைசியில் யோகாம்பாள் இவளை இடுப்பால் இடித்துத் தள்ளிவிட்டுத் தன் அட்டையைக் கொடுத்தாள். ரசீதையும் வாங்கிக் கைப்பைக்குள் திணித்துக்கொண்டு ரயிலுக்கு ஓடிவிட்டாள்.

இந்த அமளியில் காசாளர்ப் பெண் மேலங்கியின் கைக்குள் இருந்த, களவைக் காட்டிக்கொடுக்கும் காவல் வில்லையைக் கழற்ற மறந்துபோனாள். உதயகுமாரி வாசலைத் தாண்டியதும் அலாரம் அலறியது. காவலாளி பின் அறைக்கு அழைத்துப்போய் ரசீது கேட்டான். இல்லை. காசு கட்டினாயா? இல்லை. மேலங்கியைப் பறித்து வைத்துக்கொண்டு தாளை நீட்டினான்.

"யோகாம்பாளின்ரை பேரைச் சொல்லியிருக்கலாமே, விசரி!"

"அவ அண்டைக்குச் சுகயீன லீவிலை. சொன்னால் அவவின்ரை வேலைக்கு வில்லங்கம் வருமெண்டு பயந்தன்."

உதயகுமாரி சப்பாத்தை மாட்டிக்கொண்டு உறைபனியில் வழுக்கி வழுக்கிப் பின் புளொக்குக்குப் போனாள்.

கதையைக் கேட்ட யோகாம்பாள் தலையில் அடித்துக்கொண்டாள். "அடி பாவி, ரெண்டு கிழமையா வாயைத் திறக்காமல் இருந்தனியே!" கைப்பையை அப்படியே கட்டிலில் கவிழ்த்தாள். கோயில் அர்ச்சனைத் துண்டு, இருமல் மிட்டாய், ஒற்றைக் கையுறை. அடியில் நாலாக மடித்த ரசீது.

உதயகுமாரி கையை நீட்டினாள். யோகாம்பாளோ ரசீதைக் கொடுக்கவில்லை. அதில் இருந்த தேதியையும் நேரத்தையும் பார்த்தாள். முகம் கறுத்தது. விரல்கள் மூடிக்கொண்டன.

"பகல் ஒண்டேகால். உதயா, நான் தோள் நோவெண்டு லீவு எடுத்த நாள். கடையிலை நிண்டனானெண்டு என்ரை துப்புரவுக் கொம்பனி அறிஞ்சால்..."

"படுத்தே கிடக்கோணுமெண்டு டொக்டர் சொன்னவரே?"

"இல்லை. நடக்கச் சொன்னவர்."

"பிறகென்ன அக்கா?"

"உனக்கென்ன, சொல்லுவாய்! வாளி தூக்கிறவள் நான்."

உதயகுமாரி இறைஞ்சவில்லை. அவளை அந்தப் பின் அறைக்கு அனுப்பியது யோகாம்பாளின் அன்புதான். அதைச் சொல்லிக் காட்ட வாய் வரவில்லை. எழுந்து கதவுவரை போனாள்.

"நில்லடி."

யோகாம்பாள் மூக்கைச் சிந்தினாள். "பேனையை எடு. என்ரை பேரை முழுசா எழுது. தோள் நோவுக்காரி கட்டினவள் எண்டே எழுது, போ!"

அன்று பின்னேரமே பதில் தயாரானது. நொர்வீஜிய மொழியில் உதயகுமாரியே எழுதினாள். நான் பணம் கட்டவில்லை என்றது உண்மை. என் தோழி கட்டினார். ரசீதின் பிரதியும் அவருடைய கையெழுத்திட்ட வாக்குமூலமும் இத்துடன் உள்ளன. உங்கள் கோரிக்கையை முழுவதும் மறுக்கிறேன். எங்கள் மேலங்கியைத் திருப்பித் தரவும்.

மறுநாள் காலை, தவணையின் கடைசி நாள். தபால் கந்தோரில் பதிவுத் தபாலுக்குப் பணம் கேட்டார்கள். யோகாம்பாளின் கை தன்பாட்டில் கைப்பைக்குள் போனது.

உதயகுமாரி அந்த மணிக்கட்டைப் பிடித்தாள். "கையை எடுங்கோ அக்கா."

"இந்த ஒருக்கா..."

"உங்கடை ஒருக்காவாலைதான் இஞ்சை நிக்கிறன்!"

பின்னால் நின்ற நொர்வீஜியக் கிழவர் இரண்டு எட்டுப் பின்வாங்கினார்.

ஒன்பதாம் நாள் பதில் வந்தது. இரண்டே வரி. கோரிக்கை கைவிடப்பட்டது. மேலங்கியைக் கடையில் பெற்றுக்கொள்ளலாம். மன்னிப்பு என்ற சொல்லை வரதராசா தாளைத் திருப்பித் திருப்பித் தேடினார். இல்லை.

உதயகுமாரி தனியாகப் போய் மேலங்கியை வாங்கினாள். வில்லையைத் தன் கண் முன்னால் கழற்ற வைத்தாள். வாசலில் அலாரம் அலறவில்லை. ஆனாலும் அந்தக் கசங்கிய ரசீதை வீடு வரும்வரை அவள் கையிலேயே பிடித்திருந்தாள்.