ஆர்லீன் வீட்டு நிலவறை ஜன்னல்

மூன்று பேரிடம் விலை கேட்காமல் எங்கள் ஊரில் யாரும் ஓர் ஆணிகூட அடிக்க விடமாட்டார்கள். அமெரிக்காவில் மினசோட்டாவின் வடகோடி இது. ஆர்லீன் சுன்ட்பியும் தன் வீட்டு நிலவறையைச் சீர்செய்ய ஆகஸ்டில் மூன்று காண்ட்ராக்டர்களை வரவழைத்தாள். பள்ளிக்கூடச் சமையலறையில் இருபத்தெட்டு வருஷம் கரண்டி பிடித்தவள், ஆளை எடைபோடத் தெரியாதா? முதல் ஆள், "வீட்டுக்காரர் எப்ப வருவாரு?" என்று கேட்டான். அவர் போய்ச் சேர்ந்து பத்து வருஷமாகிறது. இரண்டாவது ஆள் சேற்றுப் பூட்ஸோடு கம்பளத்தில் நடந்தான். மூன்றாவதாக வந்த மைலோ ஹாகன் வாசலிலேயே பூட்ஸைக் கழற்றினார். ஒரு காலுறையில் கட்டைவிரல் எட்டிப் பார்த்தது. அவளுக்குப் பிடித்துப்போயிற்று.

"காபி சாப்பிடுங்க."

"வேண்டாங்க, பரவாயில்லை."

"போட்டே வச்சிருக்கேன்."

"உங்களுக்கு எதுக்குச் சிரமம்?"

"அட, ஒரு வாய் குடிங்க."

"சரி, அரைக் கோப்பை."

மூன்று கோப்பை குடித்தார். எங்கள் பக்கத்தில் முதல் தடவையே "கொடுங்க" என்று கை நீட்டினால் வளர்ப்பு சரியில்லை என்று பேசுவார்கள். மூன்றாவது தடவைதான் சம்மதிக்க வேண்டும்.

"கீழ என்ன ரூம் போடணும்?" என்று மைலோ நோட்டைப் பிரித்தார்.

ஆர்லீன் மென்று விழுங்கினாள். "தையல் ரூம்" என்றாள்.

அந்த வீட்டில் ஒரு தையல் மெஷின் கிடையாது. மைலோ சுற்றுமுற்றும் பார்த்தார், "தையல் ரூம்" என்று எழுதிக்கொண்டார்.

அறை அவள் தம்பி வெண்டெலுக்கு. ஆறு வருஷத்துக்கு முன்னால் முட்டக் குடித்துவிட்டு வண்டி ஓட்டி, பாலத்தருகே ஓர் ஆளைக் கொன்றுவிட்டு ஜெயிலுக்குப் போனவன். டிசம்பர் ஒன்றாம் தேதி வெளியே வருகிறான். சிறைப் பார்வையாளர் கூடத்தில் ஆர்லீன் அவனிடம், "எங்கிட்ட வந்து இருடா" என்றாள். "வேண்டாம்க்கா, உனக்குத் தலைகுனிவு" என்றான். ஆறு மாதம் விட்டு மறுபடியும் கேட்டாள். மாட்டேன் என்றான். மூன்றாவது தடவை கேட்டபோது மேஜையைப் பார்த்துக்கொண்டே தலையாட்டினான். அந்தத் தலையாட்டலை வாங்க அவளுக்கு ஒரு வருஷம் ஆகியிருந்தது. அதைப் போய் ஒரு காண்ட்ராக்டரிடம் எப்படிச் சொல்வாள்?

அக்டோபர் முடிவதற்குள் அறை தயாராகிவிட்டது. இளம்பச்சைச் சுவர், கதகதப்பான தரை, மூலையில் குளியலறை. ஆர்லீன் கட்டில் போட்டு, போர்வையை நாலு தரம் மடித்து மடித்து வைத்தாள்.

நவம்பர் பன்னிரண்டாம் தேதி, வெண்டெல் தங்கப்போகும் இடத்தைச் சரிபார்க்கப் பரோல் அதிகாரி வந்தாள். கறாரான பெண், ஆனால் கெட்டவள் இல்லை. கூரையை ஒட்டி ஒரு சாண் உயரமே இருந்த பழைய கண்ணாடித் திறப்பை அண்ணாந்து பார்த்தாள்.

"தீப்பிடிச்சா உங்க தம்பி எது வழியா வெளிய வருவாரு?"

"படிக்கட்டு இருக்கே."

"படிக்கட்டுதான் எரியுதுன்னு வச்சுக்கோங்க. ஆள் ஏறி வெளிய போற அளவு ஜன்னல் இல்லாம இதைப் படுக்கையறைன்னு நான் எழுத முடியாதும்மா. இல்லைன்னா நகரத்துல இருக்கற விடுதிக்குத்தான் அவரை அனுப்பணும்."

நகரம். நாலு மணி நேரப் பயணம். அவனுடைய பழைய குடிகாரச் சகாக்கள் அத்தனை பேரும் அங்கேதான் இருக்கிறார்கள். அதைவிட, அங்கே போனால் அவன் மறுபடி தலையாட்டவே மாட்டான் என்று ஆர்லீனுக்குத் தெரியும்.

உடனே மைலோவைக் கூப்பிட்டாள். அவர் வந்து பூட்ஸைக் கழற்றுவதற்குள்ளேயே கொட்டிவிட்டாள். "நான் பொய் சொல்லிட்டேன். தையலும் இல்லை, ஒரு மண்ணும் இல்லை. என் தம்பி ஜெயில்லேர்ந்து வர்றான். அவனுக்குத்தான் அந்த ரூம்."

மைலோ குனிந்தபடியே கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தார். "தெரியும்" என்றார்.

"என்னது?"

"ஊருக்கே தெரியும், ஆர்லீன். அன்னிக்குக் காபி குடிக்கறப்பவே எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுமா ஜன்னல் வைக்காம விட்டீங்க?"

"நீங்க தையல் ரூம்னு சொன்னீங்க. இல்லை, நீங்க பொய் சொல்றீங்கன்னு ஒரு பொம்பளைகிட்ட நான் எப்படிச் சொல்றது? தைக்கறதுக்கு ஜன்னல் வேண்டாம், அதனால வைக்கலை."

"அட பாவி மனுஷா!" என்றாள். சிரிப்பும் அழுகையும் சேர்ந்தே வந்தன. மைலோவின் காதுமடல் சிவந்துவிட்டது. ரெண்டு மரியாதைக்காரர்கள் சேர்ந்து ஒரு மனுஷனுடைய வாழ்க்கையைத் தொலைக்கப் பார்த்தார்களே, இந்தக் கூத்தை எங்கே போய்ச் சொல்ல!

மைலோ வெளியே போய்க் குதிகாலால் தரையைக் குத்திப் பார்த்தார். "மேல் தோல் மட்டும் இறுகியிருக்கு. இந்த வாரம் குளிர் இறங்கினா வசந்தம் வரைக்கும் இங்க யாரும் தோண்ட முடியாது. வீட்ல பழைய போர்வை இருக்கா?"

"இருக்கு."

"எல்லாத்தையும் கொண்டு வாங்க."

அவளிடம் ஏழு போர்வைகள்தான் இருந்தன. வெட்கத்தை விட்டு அக்கம்பக்கத்துக் கதவுகளைத் தட்டினாள். "என் தம்பிக்கு ஜன்னல் தோண்டணும், மண் உறையாம மூடணும்" என்று வாய் திறந்து சொன்னாள். யாரும் ஒரு கேள்வி கேட்கவில்லை. சிலர் கதவை மூடிக்கொண்டார்கள், அதையும் மறைப்பானேன். ஆனால் சாயங்காலத்துக்குள் வைக்கோலும் பத்தொன்பது போர்வைகளும் சுவரோரம் மண்ணைப் போர்த்திக் கிடந்தன.

மறுநாள் காலையில் மைலோ தோண்டும் இயந்திரத்தோடு வந்தார். ரெண்டு நாளில் குழி வெட்டி, காங்கிரீட் சுவரை அறுத்து, ஆள் உயரத்தில் பாதிக்கு ஜன்னல் பொருத்தினார். குழிக்குள்ளிருந்து மேலே ஏறிவர இரும்பு ஏணியும் வைத்தார். ஆர்லீன் உருளைக்கிழங்கும் இறைச்சியும் அடுக்கி வேகவைத்துத் தட்டு தட்டாகக் கொடுத்தாள். அதிகாரி வந்து அளந்து பார்த்துக் கையெழுத்துப் போட்ட அன்றைக்கே பனி கொட்டித் தீர்த்தது.

டிசம்பர் ஒன்றாம் தேதி மதியம் வெண்டெல் வந்தான். எவ்வளவு இளைத்துவிட்டான்! வாசலில் ஷூவைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, கீழே இறங்கிப் போனான். மேலே வரவில்லை. காபி ஆறியது. பிடிக்கவில்லையோ, மூச்சு முட்டுகிறதோ என்று ஆர்லீன் கையைப் பிசைந்துகொண்டு படிக்கட்டின் மேல்படியில் நின்றாள். கூப்பிடவும் தயக்கம்.

அப்போது முன்வாசல் மணி அடித்தது.

கதவைத் திறந்தாள். வெண்டெல் நின்றான். முழங்காலெல்லாம் பனி, காலில் வெறும் காலுறை.

"திறக்குதுக்கா" என்றான். "உள்பக்கத்துலேர்ந்தே திறக்குது. நானே திறந்து நானே வெளிய வந்தேன்."

"டேய், கால் விறைச்சுப் போகும்டா!"

அவன் நகரவில்லை. "உள்ள வரலாமா, அக்கா?"

"வா" என்றாள்.

ஒரே தடவைதான் சொன்னாள். அவன் வந்துவிட்டான்.