சிவப்பு விளக்கு

அமெரிக்காவின் அயோவா மாநிலத்தில் தேர்தல் சூடுபிடித்திருந்தது. எதிர்க்கட்சி வேட்பாளர் ஹாகன் போகும் இடமெல்லாம் கேமராவோடு போய், அவர் வாய்தவறி உளறுவதைப் தன் கட்சிக்காகப் படம்பிடிப்பதுதான் மார்லிஸின் வேலை. கோடை முழுக்க மனுஷன் உளறவே இல்லை.

மாவட்டச் சந்தையில் குச்சியில் செருகிய பன்றிக்கறியோடு நின்றவர், "என்னம்மா, நான் மெல்லுறதையும் எடுக்கணுமா?" என்றார்.

மார்லிஸ் கேமராவைத் தாழ்த்தினாள். "சார், நானும் இந்த ஊர்க்காரிதான். எங்கம்மாவுக்கு டயாலிசிஸ் பண்ற ஆஸ்பத்திரிய மூடப்போறாங்களாமே, நிஜமா?"

அவர் முகம் இளகியது. ஏதோ சொல்ல வாயெடுத்தவரின் பார்வை அவள் இடுப்பருகே போய் நின்றது. "எல்லாக் குடும்பத்துக்கும் தரமான மருத்துவம் கிடைக்கப் பாடுபடுவோம்," என்று மேடைக் குரலில் சொல்லிவிட்டு நகர்ந்தார்.

குனிந்து பார்த்தாள். கேமராவில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. பழக்க தோஷத்தில் அணைக்காமல் விட்டிருந்தாள்.

படம் அப்படியே நேராகக் கட்சி அலுவலகத்துக்குப் போய்விடும். உடனே மேலாளர் போன் செய்தார். "பிரமாதம், என்னமா நழுவுறாரு. விளம்பரத்துல போட்டுடறோம்."

"நம்ம ஆளாவது ஆஸ்பத்திரிய மூட விடமாட்டாருல்ல?"

மேலாளர் குரலைத் தாழ்த்தினார்.

"மார்லிஸ், நீ இதைப் பதிவு பண்றியா என்ன?"