பசைத் தடம்

ஈரத்துணியால் எத்தனை முறை அழுத்தித் தேய்த்தும் அண்ணன் மார்பில் ஒட்டியிருந்த பசை போகவில்லை. வலத் தோளுக்குக் கீழே ஒன்று, இடப்பக்க விலாவில் ஒன்று. உள்ளங்கை அகலம். தம்பி மறுபடி துணியை நனைத்துப் பிழிந்தான். கைகளை மட்டும் நுழைத்துவிட்ட சலவைச் சட்டை இரண்டு பக்கமும் விரிந்து கிடந்தது. அண்ணி கட்டில் ஓரத்தில் நின்றிருந்தாள்.

“என்ன தம்பி அது?”

“மெஷினோட பட்டை ஒட்டுன இடம் அண்ணி. நெஞ்சுத் துடிப்பு தாறுமாறா போனா ஷாக் குடுத்து நேராக்குற மெஷின்.”

கிடங்கு வாசல் சுவரில் மாட்டியிருந்த பெட்டி அது. மூட்டை தூக்குகிறவர்கள் அதில் சட்டையைத் தொங்கவிடுவார்கள். பெட்டியின் கதவு திறந்துகொண்டு அலறும். ஒவ்வொரு தடவையும் ஓடி ஓடி அலுத்துப்போய், கிடங்குச் சாவி வைத்திருக்கும் தம்பி அதைக் கழற்றி ஆபீஸ் அறைக்குள் வைத்துப் பூட்டினான். பொருள் பத்திரம். அன்றைக்குக் கிண்டலடித்தது அண்ணன்தான். விட்டால் இவன் குடிக்கிற தண்ணீரையும் பூட்டி வைப்பான் என்று.

இன்று காலை மூட்டையோடு அண்ணன் வாசலில் விழுந்தபோது தம்பி பின்கட்டில் சரக்குப் பார்த்துக்கொண்டிருந்தான். ஒருவன் மாரை அமுக்க, இருவர் ஆபீஸ் கதவை உதைக்க, இன்னொருவன் சாவியைத் தேடி ஓடி வந்தான். பெட்டி வந்து சேரப் பத்து நிமிடத்துக்கு மேல் ஆனது. பட்டைகளை ஒட்டியதும் மெஷின் பேசியது: ஷாக் தேவையில்லை. தம்பிக்குப் போன உயிர் திரும்பி வந்தது. அண்ணன் பிழைத்துக்கொண்டான் என்றே நினைத்து, பக்கத்தில் இருந்தவன் கையைப் பிடித்துக் குலுக்கினான். துடிப்பு முழுக்க நின்றுபோனாலும் மெஷின் அப்படித்தான் சொல்லும் என்று, ஆம்புலன்ஸில் வந்த பெண்தான் மாரை அமுக்கிக்கொண்டே சொன்னாள். முதல் நாலைந்து நிமிடத்துக்குள் ஒட்டியிருந்தால், என்று தொடங்கியவள் அவன் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டாள்.

“வாசல்ல இருக்குமே, சட்டை மாட்டுனா கத்தும்னு அவரு சொல்வாரே, அந்தப் பெட்டியா?” என்றாள் அண்ணி.

ஆமாம் என்று சொல்லிவிட்டால் போதும். கிடங்கு ஆட்கள் யாரும் வாய் திறக்க மாட்டார்கள்.

“இப்ப வாசல்ல இல்ல அண்ணி. உள்ள பூட்டி இருந்துச்சு.”

“யாரு பூட்டுனா?”

துணியிலிருந்து தண்ணீர் தரையில் சொட்டியது.

“நான்தான்.”

அண்ணி அவன் கையிலிருந்த துணியை வாங்கி வாளியில் போட்டாள். பசையின் மேலேயே சட்டையை இழுத்துவிட்டு, கீழிருந்து ஒவ்வொரு பொத்தானாகப் போட்டுக்கொண்டு வந்தாள். கழுத்துப் பொத்தான் வரை.

வழிவிடலாம் என்று தம்பி நகர்ந்தான். இடுப்பில் சாவிக்கொத்து குலுங்கியது. அதைக் கையால் இறுகப் பொத்திக்கொண்டு அப்படியே நின்றான்.