கிழங்கும் கறிதான்

எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. இது எங்கள் லயத்து வரிசை வீடுகளுக்கே தெரியும். மதுரையிலிருந்து இலங்கைக்கு வந்த கயல்விழிக்கு மட்டும்தான் தெரியாமல் இருந்தது.

பதுளையில் இருக்கும் ஒரு தொண்டு நிறுவனம் அவளை எங்கள் மடுல்சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு அனுப்பியது. சம்பளமில்லாத வேலை. சின்னப் பிள்ளைகள் என்ன சாப்பிடுகிறார்கள் என்று பார்த்துச் சொல்ல வேண்டும். தாய்மார் கொழுந்தெடுக்கப் போனபின் பிள்ளைக்காம்பராவில் குழந்தைகளைப் பார்த்துக்கொள்கிறவள் நான். அதனால் தங்குவதற்கு என் வீட்டைக் காட்டினார்கள். மிஸ் என்று கூப்பிட்டு, இருந்த ஒரே கட்டிலையும் கொடுத்தேன்.

வந்த அன்றைக்கே வீடு வீடாகப் போனாள். "பிள்ளைங்களுக்கு தினமும் என்ன குடுக்கிறீங்க?" என்று கேட்டாள். எல்லாரும் ஒரே பதிலைத்தான் சொன்னார்கள்.

"சோறும் கறியும்தாங்க."

சிக்னல் கிடைக்கும் தண்ணித் தாங்கி மேட்டுக்கு ஏறி, அலுவலகத்துக்குப் பேசிவிட்டு வந்தாள். இரவு சோற்றையும் கிழங்கையும் வைத்தேன். சட்டியை எட்டிப் பார்த்தாள்.

"கறி எங்கக்கா?"

"இதாங்க கறி."

சிரித்தாள் பாருங்கள், புரையேறும் வரைக்கும். மதுரையில் கறி என்றால் ஆட்டிறைச்சிதானாம். எங்களுக்குச் சோற்றோடு வருவதெல்லாம் கறி. பருப்பும் கறி, அவள் பீன்ஸ் என்கிற போஞ்சியும் கறி. நானும் சேர்ந்து சிரித்தேன்.

அதற்குப் பிறகு சிரிப்பு குறைந்தது. நாக்கு செத்துப்போச்சு என்றாள். ஞாயிற்றுக்கிழமையானால் மேட்டில் நின்று அம்மாவை வீடியோவில் கூப்பிட்டு, குக்கரைத் திறந்து காட்டச் சொல்லிக் கண் கலங்குவாள். ரொட்டியைத் தேங்காய்ச் சம்பலில் தொட்டு, "இது மட்டன் சுக்கா" என்று தனக்குத்தானே சொல்லிக்கொள்வாள். ஊர்விட்டு ஊர் வந்த பிள்ளை, பாவமாக இருந்தது. ஒரு நாள் கருவாடு வாங்கிக் குழம்பு வைத்தேன். "மீன் வேற, கறி வேறக்கா" என்று ஒதுக்கி வைத்தாள். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பிறகு ஒரு திங்கட்கிழமை நிறுவனத்து லொறி வந்தது. எப்போதும் பிள்ளைக்காம்பராவுக்கு முட்டை இறக்கும் லொறி. அன்றைக்குப் பிள்ளைக்காம்பராவில் சவர்க்காரப் பெட்டியை மட்டும் இறக்கிவிட்டுப் போனது. மேட்டுக்கு ஓடி அலுவலகத்தைக் கூப்பிட்டேன். அங்கே பொறுப்பாக இருக்கும் றிஸ்னி மிஸ் எடுத்தார்.

"முட்டைய வேற தோட்டத்துக்கு மாத்திட்டோம் இராக்கம்மா. உங்க பிள்ளைங்கதான் தினமும் இறைச்சி சாப்பிடுறாங்களாமே? கயல்விழி சொன்னாங்க."

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. கொழுந்தெடுக்கும் துஷ்யந்தி என்னிடம் விட்டுப் போகும் மகள், எடையே ஏறவில்லை என்று தாதி பயமுறுத்திய பிள்ளை. முட்டை வந்த பிறகுதான் கன்னம் கொஞ்சம் தேறியது. மஞ்சளைத் தின்றுவிட்டு வெள்ளையைக் கையில் வைத்துக்கொண்டே தூங்கிப்போவாள்.

வீட்டுக்கு வந்தால் கயல்விழி வாசலில் குதிக்கிறாள். அதே லொறியில் அவளுக்கு ஒரு பார்சல். கொழும்புக்கு வந்த சொந்தக்காரர் கையில் அவள் அம்மா கொடுத்தனுப்பிய உப்புக்கண்டம், உப்புப் போட்டுக் காயவைத்த ஆட்டிறைச்சி.

"வறுத்துக் குடுங்கக்கா! மூணு வாரமா கறிய கண்ணால பாக்கல."

"நீ பாக்கலையா? அப்ப எங்க பிள்ளைங்க மட்டும் எங்கடி பாத்துச்சு?"

றிஸ்னி மிஸ் சொன்னதைச் சொன்னேன். அவள் முகம் வெளுத்துப்போனது.

"கறின்னதும் மட்டன்னு நெனச்சு, தினமும் இறைச்சின்னு அன்னைக்குத் தெரியாம சொல்லிட்டேன்க்கா. அப்புறம் மாத்திச் சொன்னா, இவளுக்குத் தமிழே தெரியலைன்னு சிரிப்பாங்களேன்னு..."

"ஒன் மானம் போயிருமின்னு எங்க பிள்ளைங்க வயித்துல அடிச்சியா? ஒரே சட்டியில என்னோட தின்னுட்டு, கறி கறின்னு என் உசிர வாங்குனியே! ஒன் நாக்குக்குத் தெரிஞ்சது வாய்க்கு வரலையா?"

கையைப் பிடித்து மேட்டுக்கு இழுத்துக்கொண்டு போனேன். போனை ஸ்பீக்கரில் போடச் சொன்னேன்.

"கறின்னா இங்க இறைச்சி இல்ல மேடம். கிழங்கு, பருப்பு. எனக்கு அன்னைக்கு ராத்திரியே தெரியும்" என்றாள்.

றிஸ்னி மிஸ் பட்டியலைப் புரட்டும் சத்தம் கேட்டது. "அந்தத் தோட்டத்துக்குக் குடுக்க ஆரம்பிச்சிட்டோமே. திருப்பி வாங்க முடியாது. தை பொறக்கட்டும், பாக்கலாம்."

தை! இப்போதுதான் ஆவணி நடக்கிறது.

திரும்பி வந்து பார்சலைப் பிரித்தேன். அவளைக் கேட்கவில்லை. அத்தனையையும் சுடுதண்ணீரில் ஊறப்போட்டு உப்பைப் போக்கி, வேகவைத்து வறுத்து, அம்மியில் நசுக்கிச் சோற்றில் பிசைந்து பிள்ளைக்காம்பராவுக்குக் கொண்டுபோனேன். துஷ்யந்தியின் மகள் விரலைச் சூப்பிவிட்டு என்னை அண்ணாந்து பார்த்தாள்.

"நாளைக்கும்?"

அவள் வாயைத் துடைத்துவிட்டேன். வீட்டுக்கு வந்தேன். கயல்விழி அடுப்படியில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருந்தாள். சோற்றைப் போட்டு, பக்கத்தில் கிழங்கை வைத்துத் தட்டை நகர்த்தினேன்.

"இந்தாங்க மிஸ், கறி. தை வரைக்கும் எல்லாருக்கும் இதான்."