மேல் ஓட்டை

சிராங்கூன் ரோட்டுக்குப் பின்னால், ரோவல் ரோட்டுப் பட்டறை ஒன்றில் மருதப்பன் மெக்கானிக்காக இருந்தார். லாரியோ வேனோ தண்ணீர் இறைக்கும் என்ஜினோ, காதால் கேட்டே கோளாறைச் சொல்லிவிடுவார். ஆங்கிலம் மட்டும் அவருக்குப் படிக்கத் தெரியாது. அதை அவர் யாரிடமும் சொன்னதில்லை. சாமானோடு ஏதாவது காகிதம் வந்தால் கண்ணருகே பிடித்து, இரண்டு முறை தலையாட்டி, மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வார். பிறகு படத்தைப் பார்த்தும் கையால் தடவியும் வேலையை முடித்துவிடுவார். பதினெட்டு வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

1963 ஜூன் மாதம் புக்கிட் பாஞ்சாங் பக்கம் இருந்த ஒரு ரப்பர் நாற்றுப் பண்ணையிலிருந்து அழைப்பு வந்தது. அங்கே சின்ன டிராக்டர் ஒன்று இருந்தது. அதன் பின்னால் புல் வெட்டும் இயந்திரத்தை மாட்டி, கன்று வரிசைகளுக்கு இடையில் ஓட்டுவார்கள். இயந்திரத்தைத் தூக்கி இறக்க டிராக்டரின் பின்புறம் இரண்டு இரும்புக் கைகள். அவை பக்கவாட்டில் ஆடாமலிருக்க இரண்டு சங்கிலிகள். சரிவில் போகும்போது சங்கிலி தொய்ந்து, இயந்திரம் ஒரு சாண் தூரம் ஆடி, ஒட்டுக்கட்டிய கன்றுகளின் பட்டையை உரித்துவிட்டது. சங்கிலியை எடுத்துவிட்டு, ஆட்டத்தைத் தடுக்கும் ஸ்டெபிலைசர் கம்பிகளை மாட்டச் சொல்லிப் புது சாமான்களைப் பண்ணையை நடத்திய துரை வரவழைத்திருந்தார்.

பண்ணைக் கணக்குவழக்கைப் பார்க்கும் கிராணி வேலாயுதம் பெட்டியையும் உள்ளே இருந்த காகிதத்தையும் மருதப்பனிடம் நீட்டினார். "எப்படி மாட்டணும்னு எல்லாம் இதுல போட்டிருக்காம். பாத்துக்குங்க."

மருதப்பன் காகிதத்தைப் பிடித்தார், தலையாட்டினார், மடித்து வைத்தார்.

கம்பியின் முன்முனையை மாட்டும் பிராக்கெட்டில் மேலும் கீழுமாக இரண்டு ஓட்டைகள் இருந்தன. மேல் ஓட்டை கைக்கு எட்டியது. ஸ்பேனர் சுலபமாகச் சுழன்றது. மேலேயே மாட்டிவிட்டார். இயந்திரத்தைப் பிடித்து உலுக்கினால் அசையவில்லை. கிராணி முகம் மலர்ந்து அவருக்குக் கோப்பி வாங்கிக் கொடுத்தார்.

டிராக்டர் ஓட்டுபவர் முகம்மது யூசுப். நாகூர்க்காரர், அதிகம் பேசாதவர். ஏறி உட்கார்ந்து லிவரை இரண்டு முறை தூக்கி இறக்கிப் பார்த்துவிட்டு இறங்கி வந்தார்.

"அண்ணே, மேல தூக்குறப்போ கம்பி முறுக்குது. முனகுற சத்தம் வருது. ஓட்டை மாறியிருக்குமோ?"

கிராணி பக்கத்தில் நின்றிருந்தார். புல் வெட்டும் பெண்கள் நாலைந்து பேரும் நின்றிருந்தார்கள்.

"பாய், பேப்பரு படிச்சது நானா நீங்களா?" என்றார் மருதப்பன். "புது இரும்பு, பழகிடும். நீங்க வண்டிய ஓட்டுங்க லா."

பெண்கள் சிரித்தார்கள். யூசுப் வண்டியில் ஏறினார்.

பதினோராவது நாள், மேட்டுச் சரிவில் திரும்புவதற்காக யூசுப் இயந்திரத்தைத் தூக்கியபோது பிராக்கெட் வெடித்து உடைந்தது. ஒரு பக்கம் விடுபட்ட இயந்திரம் வீசி ஆடி, ஒட்டுக்கட்டிய கன்றுகளில் ஒரு வரிசையையே மழித்துப் போட்டது. டிராக்டர் கால்வாயில் சாய்ந்தது. யூசுப் குதித்துவிட்டதால் உயிருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மருதப்பனை வரவழைத்தார்கள். வேலையாட்கள் அத்தனை பேரும் சுற்றி நின்றார்கள். உடைந்த துண்டைக் கையில் எடுத்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. இழுத்து உடைந்த இரும்பில்லை அது. முறுக்கி முறுக்கி உடைந்தது.

"என்னங்க ஆச்சு? துரைக்கு நான் எழுதணும்" என்றார் கிராணி.

மருதப்பன் வாயிலிருந்து அது தானாக வந்தது. "லிவர வெடுக்குனு இழுத்தா எந்த இரும்புங்க தாங்கும்?"

யூசுப் அவரைப் பார்த்தார். கோபத்தோடு பார்த்திருந்தால் திருப்பிக் கோபப்பட்டிருக்கலாம். வெறுமனே பார்த்தார். பிறகு குனிந்து, சேறு படிந்த செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு நடந்தார். மறுநாளிலிருந்து அவரை டிராக்டரிலிருந்து இறக்கி, கையில் பாராங் கத்தியைக் கொடுத்து, கால்வாய் ஓரப் புல்லை வெட்ட அனுப்பினார்கள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை மருதப்பனின் மனைவி அன்னம்மா துணி துவைக்க உட்கார்ந்தாள். சமூக நிலையத்தில் பெரியவர்களுக்கு நடத்திய ஆங்கில வகுப்புக்கு அவள் நாலு மாதமாகப் போய்வந்தாள். எழுத்து இருக்கும் எதையும் விடமாட்டாள். தீப்பெட்டி, சோப்பு உறை எல்லாவற்றையும் எழுத்துக் கூட்டிப் பார்ப்பாள். அன்று, அதுவரை துவைக்காத அவர் வேலைச் சட்டையின் பையில் அந்தப் பண்ணைக் காகிதம் கிடைத்தது.

"டு... நாட்... யூஸ்..." விரலை வைத்து நகர்த்தினாள். "அப்... அப்பர்... ஹோல். ஏங்க, அப்பர்னா மேல தானே? ஹோல்னா ஓட்டை. மேல் ஓட்டையில மாட்டக் கூடாதுன்னு சொல்றானா?"

மருதப்பன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். கத்தி அப்படியே நின்றது.

"சரியாப் படிச்சேனா?" என்றாள் அவள். "நீங்கதான் சொல்லணும்."

"சரிதான்" என்றார். அவள் சந்தோஷமாகச் சிரித்தாள். அவரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உடனே போய்ச் சொல்லியிருக்க வேண்டும். அவர் சொல்லவில்லை. புது பிராக்கெட் வந்ததும் பண்ணைக்குப் போய், யாரும் பக்கத்தில் இல்லாத நேரம் பார்த்து, கம்பிகளைக் கீழ் ஓட்டையில் மாட்டினார். கைகள் ஏறின, இறங்கின, முனகல் இல்லை. சரிவிலும் இயந்திரம் ஒரு விரற்கடைகூட ஆடவில்லை.

கிராணி அவர் தோளைத் தட்டினார். "பாத்தீங்களா? டிரைவர மாத்தினதும் எப்படி நிக்குது!"

மருதப்பன் அதற்கும் சும்மா நின்றார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அந்தத் தோள் அவருக்கு அருவருப்பாக இருந்தது.

பிறகு பண்ணை வேலை என்றாலே ஏதாவது சாக்குச் சொல்லித் தள்ளிப்போட்டார். அக்டோபரில் எண்ணெய் மாற்றப் போனவருக்குக் கால்வாய் வழியாகத்தான் நடக்க வேண்டியிருந்தது. யூசுப் முழங்கால் அளவு தண்ணீரில் குனிந்து வெட்டிக்கொண்டிருந்தார். நிமிர்ந்தார்.

"நல்லா இருக்கீங்களாண்ணே?"

அவர் குரலில் குத்தல் எதுவும் இல்லை. மருதப்பன் ஏதோ முணுமுணுத்துவிட்டு நகரப் பார்த்தார்.

"கீழ் ஓட்டைக்கு மாத்திட்டீங்க போல" என்றார் யூசுப். "வண்டி ஷெட்டுல நின்னப்போ பாத்தேன்."

மருதப்பன் நின்றுவிட்டார். "தெரிஞ்சும் ஏன் கிராணிகிட்ட சொல்லல, பாய்?"

"சொன்னா யாரு நம்புவா? நீங்க பேப்பரு படிச்சவரு. நான் வண்டி ஓட்டுறவன்." மறுபடி குனிந்து வெட்ட ஆரம்பித்தார்.

மருதப்பன் நேரே ஆபீசுக்குப் போனார். உட்காரச் சொன்னபோது உட்காரவில்லை. "தப்பு என்னோடதுங்க. மேல் ஓட்டையில மாட்டினேன். யூசுப் பாய் அன்னிக்கே சொன்னாரு. அந்தப் பேப்பர நான் படிக்கல. எனக்கு இங்கிலீஷ் படிக்க வராதுங்க."

கடைசி வார்த்தையைச் சொன்னபோது காதுவரை எரிந்தது. கிராணி பேனாவைக் கீழே வைத்தார்.

"மூணு மாசம் கழிச்சு வந்து சொல்றீங்களே. யூசுப் மேல தப்புன்னு துரைக்கு நான் கையெழுத்துப் போட்டுல்ல அனுப்பியிருக்கேன்? என் மூஞ்சிய எங்க வைக்கிறது?" நெடுநேரம் திட்டினார். கடைசியில், "யூசுப்ப திரும்ப வண்டியில போடுறேன். காரணம் எதுவும் வெளிய சொல்ல வேணாம்" என்றார்.

கால்வாய்க்குத் திரும்பி வந்து மருதப்பன் அதைச் சொன்னார். யூசுப் கத்தியைப் புல்லில் துடைத்தார்.

"கிராணிகிட்ட சொல்லிட்டீங்க. சரி. அன்னிக்கு அத்தன பேரு சுத்தி நின்னாங்களே, அவங்ககிட்ட யாரு சொல்றது? எம்பொண்டாட்டி ருக்கையாவும் அங்கதான் புல்லு வெட்டுறா."

அன்று இரவு மருதப்பன் சாப்பிடவில்லை. மறுநாள் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தார். வேலையாட்களை வரிசையாக நிறுத்திப் பேர் கூப்பிடும் பெரட்டு நடந்துகொண்டிருந்தது. கிராணி தடுக்கக் கை நீட்டுவதற்குள் முன்னால் போய் நின்றார்.

"டிராக்டர் உடைஞ்சதுக்கு யூசுப் பாய் காரணமில்ல. நான் தப்பா மாட்டினேன். எனக்கு இங்கிலீஷ் தெரியாது. தெரிஞ்ச மாதிரி நடிச்சு, பழிய அவர் மேல போட்டேன்."

பின்வரிசையில் யாரோ ஒரு பெண் களுக்கென்று சிரித்தாள். இன்னொருத்தி அவளை அடக்கினாள். யூசுப்புக்குப் பக்கத்தில் முக்காடு போட்டு நின்ற பெண் மருதப்பனை நேராகப் பார்த்தாள். அவர்தான் தலையைக் குனிந்தார்.

"உங்க பட்டறையில இனிமே வேற ஆள அனுப்பச் சொல்லிடறேன்" என்றார் கிராணி மெதுவாக.

மண் சாலையில் பஸ் நிறுத்தத்தை நோக்கி அவர் நடந்தபோது பின்னால் டிராக்டர் சத்தம் கேட்டது. யூசுப் பக்கத்தில் வந்து நிறுத்தினார். என்ஜினை அணைக்கவில்லை.

"எல்லாரு முன்னாடியும் சொன்னீங்க. அதோட எல்லாம் சரியாப் போச்சுன்னு நான் சொல்ல மாட்டேண்ணே. மூணு மாசம் குனிஞ்சு வெட்டினது இன்னும் முதுகுல இருக்கு."

"தெரியும், பாய்."

யூசுப் சாலையைப் பார்த்தார். "பஸ்ஸு வர்ற நேரம்தான். போங்க" என்று சொல்லிவிட்டு வண்டியைத் திருப்பினார்.

சொல்லிவிட்டால் மனம் லேசாகிவிடும் என்று மருதப்பன் நினைத்திருந்தார். அப்படி ஆகவில்லை. முகத்தின் சூடு தணியாமலே போய் நிறுத்தத்தில் நின்றார்.