கிளாரன்ஸின் இருக்கை

எங்கள் வுட்பிரிட்ஜ் ஊரில் கிளாரன்ஸைத் தெரியாதவர் கிடையாது. தொப்பி, கம்பளிக் கோட்டு, மடியில் என்றைக்கோ வந்த செய்தித்தாள். எதிர்வீட்டு வெண்டெல்லின் காரில், பின்சீட்டில் அமர்ந்து தினமும் வாஷிங்டனுக்கு வேலைக்குப் போவார். துணிக்கடைப் பொம்மைதான், ஆனாலும் கணக்கில் ஒரு ஆள். நெடுஞ்சாலையின் விரைவுத் தடத்தில் காருக்கு மூன்று பேர் வேண்டுமே. வெண்டெல், கிளாரன்ஸ், அப்புறம் வாகன நிறுத்தத்தில் இலவசச் சவாரிக்கு வரிசையில் நிற்கும் ஒருவர்.

அந்த ஒருவர் எப்போதும் லோரெய்ன்தான். தன் முறை வந்தாலும் பின்னால் நிற்பவர்களை முன்னே அனுப்பிவிட்டு வெண்டெல்லின் காருக்காகவே காத்திருப்பாள். நானும் அதே வரிசை என்பதால் இதெல்லாம் கண்ணில் படும்.

ஆனால் காருக்குள் ஒரு வார்த்தை கிடையாது. ஓட்டுகிறவர் ஆரம்பித்தாலொழிய ஏறுகிறவர் வாய் திறக்கக்கூடாது என்பது வரிசையின் சட்டம். வெண்டெல்லோ கிளாரன்ஸிடமே கூச்சப்படுகிற பேர்வழி.

போன மாதம் சாலைக்கு மேலே புதுக் கேமராக்கள் வந்தன. கண்ணாடி வழியே பார்த்து, உயிருள்ள தோலையும் பிளாஸ்டிக்கையும் பிரித்து, எத்தனை தலை என்று பலகையில் காட்டும்; மூன்றுக்குக் குறைந்தால் அபராதம். கிளாரன்ஸுக்கு வேலை போயிற்று. அந்த இடம் எனக்குக் கிடைத்தது.

வெள்ளிக்கிழமை வரிசையில் லோரெய்ன் என் காதைக் கடித்தாள்.

"திங்கக்கிழமைலேர்ந்து எங்க ஆபீஸ் பென்டகன் பக்கம் போகுது டோட்டி. இனிமே நான் பென்டகன் போறவங்க நிக்கிற வரிசைதான்."

"அவர்கிட்ட சொன்னியா?"

"அவர் வாயத் தொறந்தாத்தானே நான் தொறக்க முடியும்?"

"நான் வேணா சொல்லட்டா?"

"சொன்னீங்க, அப்புறம் உங்ககூடயும் பேச மாட்டேன்."

காரில் வழக்கம்போல மயான அமைதி. பாதி வழி போயாயிற்று. சீட்டுக்கு அடியில் என் கால் எதிலோ இடித்தது. சும்மா இருக்க முடியுமா? குனிந்தேன். சிவப்பு ரிப்பன் கட்டிய, தூசி படிந்த பெட்டி. மேலே ஒட்டிய காகிதத் துண்டில் 'லோரெய்னுக்கு, கிறிஸ்துமஸ்.' இப்போது மே மாதம்.

நான் குனிந்திருந்த நேரத்தில்தான் கார் கேமராவைக் கடந்தது. பலகையில் 'இரண்டு' என்று மின்னியது.

"எங்க போய்த் தொலைஞ்சீங்க டோட்டி?" என்றார் வெண்டெல். "கிளாரன்ஸாவது ஒழுங்கா நிமிர்ந்து உக்காந்திருப்பான்."

"கீழ ஒரு பெட்டி கிடக்கு வெண்டெல். பனி பெஞ்ச காலத்துல வாங்கினது போல."

அவர் காது சிவந்தது. லோரெய்ன் மெதுவாகத் திரும்பினாள்.

"நீங்க ஆரம்பிச்சிட்டீங்க. அப்ப நானும் பேசலாம்ல?"

பென்டகன் விஷயத்தைச் சொன்னாள். வெண்டெல் சாலையைப் பார்த்தபடியே சொன்னார்:

"பென்டகன் என் வழியிலதான் இருக்கு. இனி அந்த வரிசையில வந்து நிறுத்துறேன்."

"நிறுத்துவீங்க. பேசுவீங்களா?"

"அந்தப் பெட்டிய மொதல்ல பிரிச்சுப் பாருங்க. அப்புறம் பேசுறேன்."

உள்ளே பச்சைக் கையுறைகள். மே மாத வெயிலில் மாட்டிக்கொண்டாள். வாஷிங்டன் ஆற்றுப் பாலத்தைத் தாண்டும் வரை இருவரும் பேசிய பேச்சில் எனக்கு இடைவெளியே கிடைக்கவில்லை.

அபராதத்தை வெண்டெல் முணுமுணுக்காமல் கட்டினார். பின்சீட்டு இன்றும் என்னுடையதுதான். கிளாரன்ஸ் எங்கள் வீட்டுச் சோபாவில் இருக்கிறார். என் புருஷனுக்கு அவரை ரொம்பப் பிடித்துவிட்டது, குறுக்கே பேசுவதில்லையாம்.